அளவெடுத்துக் கொட்டும் முடி

முயலின் இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியைக் காணோம்.

சலூன்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பஞ்சு என்று பெயர் வைத்த முயல், பெயருக்கேற்ற மாதிரி வெள்ளைவெளேரென்று உருண்டு கிடந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"இங்க வந்து பாரேன். இதுக்கு முடி கொட்டுது!"

மனைவி அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "கொட்டினா வளரும். சும்மா விடுங்க."

சும்மா விடுகிற விஷயமா இது? பதினெட்டு வருஷமாக அவருடைய சலூன் கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. 'முடி கொட்டுவதை நிறுத்தும் எங்கள் சொந்தத் தயாரிப்பு எண்ணெய்.' ஊருக்கே முடி வளர்த்துத் தருவதாகச் சொல்லும் மனுஷன் வீட்டு முயலுக்கு வழுக்கை விழுந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா?

அதைவிடப் பெரிய தலைவலி மகள். வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போகும்போது முயலைத் தூக்கிக் கையில் கொடுத்து, "அப்பா, இது என் உயிர்" என்று சொல்லிவிட்டுப் போனவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ அழைப்பில் வந்து முதலில் முயலை விசாரிப்பாள். அப்புறம்தான் அப்பா, அம்மா எல்லாம்.

அந்த ஞாயிறு முயலின் வலது பக்கத்தை மட்டும் காட்டிச் சமாளித்தார்.

"ஏம்ப்பா அது திரும்பவே மாட்டேங்குது?"

"வெட்கம்மா."

அழைப்பு முடிந்த கையோடு சொந்தத் தயாரிப்பை எடுத்து இடது தொடையில் அழுந்தத் தேய்த்தார். பஞ்சு அதை ஒரு சொட்டு விடாமல் நக்கித் தீர்த்தது. மறுநாள் அதற்கு வயிறு கலங்கிவிட்டது. தரை துடைக்கிற வேலை மனைவி தலையில் விழுந்தது.

"மனுஷன் தலைக்கே எடுபடாத எண்ணெய். அதைப் போய் முயலுக்கா?" என்றாள்.

புதன்கிழமை வலது பக்கத்திலும் ஒரு திட்டு. அடுத்த ஞாயிறு அவர் முயலின் முகத்தை மட்டும் காட்டினார்.

செல்லப்பிராணிக் கடைக்காரரிடம் யோசனை கேட்டார். "தானே கடிச்சுப் பிடுங்கிக்குது அண்ணே. கழுத்துல அகலமா ஒரு பட்டை கட்டிவிடுங்க, வாய் எட்டாது" என்றார் அவர். சலூன்காரர் பழைய நாள்காட்டி அட்டையை வெட்டிப் புனல் மாதிரி மாட்டினார். பஞ்சு அதோடு கட்டில் கால், கதவு, சுவர் என்று ஒன்று விடாமல் முட்டிக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் முதுகின் நட்டநடுவில் ஒரு திட்டு விழுந்தது.

"அட்டையைத் தாண்டி முதுகை எப்படிக் கடிச்சிருக்கும்?" என்று மலைத்துப்போனார். "அதுவும் பாரேன், ஓரம் எல்லாம் கோடு போட்ட மாதிரி இருக்கு. என்ன நோய் இது, அளவெடுத்துக் கொட்டுது!"

மனைவிக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. உள்ளே ஓடினாள்.

வீட்டில் காற்று சரியில்லை என்று முடிவுகட்டினார். மறுநாளே கூண்டோடு தூக்கிப்போய்ச் சலூனில் வைத்தார். ஐந்து நாள் போயிற்று. புதுத் திட்டு ஒன்றும் இல்லை. பழைய திட்டில் பூனைமுடி மாதிரி மெல்ல முளை விட்டது. சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா வாத்தியாரே, எண்ணெய் வேலை செய்யுது!"

வாரத்துக்கு ஒரு முறை சவரத்துக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார், நாற்காலியில் சாய்ந்தபடியே கூண்டைப் பார்த்தார். மூன்று சொட்டைகளோடு உட்கார்ந்திருந்த முயலையும் தலைக்கு மேலிருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டதுக்கு அப்புறமாப்பா இப்படி?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எண்ணெய்ப் புட்டியைச் சத்தமில்லாமல் மேசையில் திருப்பி வைத்தார்.

போதாக்குறைக்கு முடி உலர்த்தும் மெஷின் உறுமும் போதெல்லாம் பஞ்சு கூண்டுக்குள் துள்ளித் துள்ளி நடுங்கியது. தீனியும் பாதியாகக் குறைந்துவிட்டது. சரி, இங்கே வேண்டாம் என்று வீட்டுக்கே கொண்டுவந்தார்.

கொண்டுவந்த மறுநாள் சாயங்காலம் வலது தொடையில் புதுத் திட்டு.

"சொன்னேன்ல! கிருமி நம்ம வீட்லதான் இருக்கு!"

"கிருமியுமில்ல ஒண்ணுமில்ல. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"நீ பேசாத. உனக்கு இதெல்லாம் தெரியாது."

அவர் வாளி நிறைய பினாயிலைக் கரைத்து, வீடு, கூண்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் கழுவித் தள்ளினார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றில்கூட பினாயில் வாசனை அடித்தது.

விடிந்தபோது பஞ்சு மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது.

அதுவரை பதறாத மனைவிதான் இப்போது பதறினாள். கண் கலங்கிவிட்டது. "எழுந்திரிங்க. டாக்டர்கிட்ட போகலாம். இப்பவே."

"கடை திறக்கணுமே..."

"கடை கிடக்கட்டும்! இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வழி நெடுகக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "தப்புத்தான்டா கண்ணு, தப்புத்தான்" என்று முயலிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தன்னைத் தடுக்காமல் விட்டதைத்தான் சொல்கிறாள் போலும் என்று நினைத்து சலூன்காரர் உருகிப்போனார்.

கால்நடை மருத்துவர் அம்மா முயலின் வயிற்றை இதமாக அழுத்திப் பார்த்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"நல்ல வேளை, உடனே கொண்டுவந்தீங்க. முயல் அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் நின்னுபோகும். அப்புறம் உசுருக்கே ஆபத்து. என்ன செஞ்சீங்க இதை?"

சலூன்காரர் எண்ணெயில் தொடங்கினார். அட்டைக்கு வந்தார். மெஷின் சத்தத்தைச் சொன்னார். பினாயிலைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஐயா," என்றார் டாக்டர், "இதுக்கு வந்தது நோய் இல்ல, வைத்தியம்."

ஊசி போட்டார். கரைத்த தீனியை வாயோரம் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். சத்தமில்லாத இடம், நிறைய உலர்ந்த புல், வேறு எதுவும் தடவக் கூடாது என்றார். கொஞ்ச நேரத்தில் பஞ்சு மூக்கை ஆட்டி, ஒரு புல்லை இழுத்து மென்றது. மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். சலூன்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"ஆனா டாக்டர், அந்த முடி?"

டாக்டர் விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தார். "பூச்சி இருந்தா வெள்ளையாச் செதில் உதிரும். இல்ல. படை இருந்தா தோல் தடிச்சுச் சிவந்திருக்கும். அதுவும் இல்ல. தானே பிடுங்கிக்கிட்டா கன்னாபின்னான்னு இருக்கும். இது என்னடான்னா இவ்வளவு சீரா... என் அனுபவத்துல பாத்ததில்ல."

"அளவெடுத்த மாதிரி இல்ல?" என்றார் சலூன்காரர், தன் கண்டுபிடிப்பை டாக்டரே ஒப்புக்கொண்ட பெருமையோடு.

"சரி, பினாயில் பட்ட முடியை முதல்ல எடுத்துடலாம்" என்று டாக்டர் பக்கத்து அறைப் பக்கம் குரல் கொடுத்தார். அங்கே நாய்களுக்கு முடி வெட்டும் பெண், உடம்பெல்லாம் ரோமம் ஒட்டிய மேலங்கியோடு மெஷினைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

மனைவி சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவள் முயலைப் பார்த்தாள். திட்டுகளின் மேல் விரலை ஓட்டினாள். நிமிர்ந்து முந்தானையைப் பார்த்தாள்.

"அட, அக்கா! பொம்மை நாய் மேல பழகிட்டு அடுத்த வகுப்புக்கு வாங்கன்னுதானே மெஷினைக் குடுத்தனுப்புனேன், முயல் மேலயா பழகுனீங்க?"