திருவாதிரை வருகைப் படிவம்

இந்த ஆண்டு மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் வீட்டில் நானும் என் மனைவி எழிலரசியும் மட்டும்தான் இருப்பது என்று கார்த்திகையிலேயே முடிவு செய்தேன். நல்ல முடிவு. எடுத்த ஆள்தான் சரியில்லை.

எங்கள் வீடு சிதம்பரத்தில், மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் தேரின் உச்சி தெரியும். இந்த ஒரு வசதிக்காகத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தேருக்கு முதல் நாளே கடலூரிலிருந்து ஒரு வேன் வந்துவிடும். குறிஞ்சிப்பாடியிலிருந்து இன்னொரு வேன். காடாம்புலியூரிலிருந்து முந்திரிப் பருப்போடு ஒரு கார். தேர் பார்ப்பார்கள். மறுநாள் தரிசனம் பார்ப்பார்கள். அதற்கு மறுநாள், "வந்ததே வந்துட்டோம்" என்று பிச்சாவரத்தில் படகு ஏறுவார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதுதான் நடைமுறை.

இத்தனை வருஷத்தில் எழிலரசி ஒரு தடவைகூட அந்தத் தரிசனம் பார்த்ததில்லை. கோயில் கூப்பிடு தூரம். ஆனால் நடராசர் வெளியே வருகிற நேரத்தில் அவள் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருப்பாள். நானும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நாளிதழ் நிருபர்கள் சாமியைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வருஷமாவது அவளை அழைத்துக்கொண்டு போய், ஒரு தூணோரமாக இரண்டு பேரும் நின்று பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். ஆனால், "உங்க வீட்டு ஆளுங்களை இந்த வருஷம் வர வேணாம்னு சொல்லு" என்று தொடங்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தைத் தொடங்கிய கணவர்கள் சிலரை எனக்குத் தெரியும். முடித்தவர் யாரும் இல்லை.

ஆகவே ஒரு படிவம் தயாரித்தேன்.

என் கணக்கு இதுதான். ஆளைத் திருப்பி அனுப்ப வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியதில்லை. கையில் ஒரு படிவம் கொடுத்தால் போதும், தானாகவே போய்விடுவார். கடலூர் மாவட்டத்தின் அத்தனை அலுவலகங்களிலும் என் கண்ணால் பார்த்தது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். 'திருவாதிரை வருகைப் படிவம்' என்று தலைப்புப் போட்டேன். முதலில் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள். அடுத்து 'எத்தனை பேர்?' என்ற இடத்தில் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒன்று, இரண்டு என்பதோடு உலகத்தின் எண்கள் முடிந்துவிடும். 'எப்போது புறப்படுகிறீர்கள்?' என்பதற்கும் ஒரு பட்டியல். தரிசனத்தன்று மதியம் திரும்பிப் போகலாம், இல்லை மாலை. மூன்றாவதாக ஒன்று கிடையாது. 'நீங்கள் ஏற்கும் வேலை?' என்பதில் தேங்காய் துருவுதல், பரங்கிக்காய் நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், களி கிண்டுதல். ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். வேறு எதையும் யாரும் மாற்றிவிடாமல் இருக்கப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். கடைசியில் ஒரு வரி: 'படிவம் அனுப்பாதவர்கள் வரவில்லை என்று கருதப்படும்.'

எழிலரசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"வர்றவங்க முன்னாடியே எழுதி அனுப்பிட்டா உனக்கு அரிசி, பருப்பு கணக்கு சரியா இருக்கும்."

"எனக்காகவா?"

"பின்ன?"

"இந்தக் கடைசி வரி எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். விதின்னா விதி."

"சரி, அனுப்புங்க" என்றாள். சண்டை இல்லாமல் வந்த அந்தச் 'சரி'யை நான் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் போன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து. எழிலரசியின் தம்பி செம்பியன்.

"என்னா மாமா அனுப்பியிருக்கீங்க? ஒண்ணும் புரியல."

"என்ன தெரியுது?"

"இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியுமா கெடக்கு. உங்க வீட்டுப் பூனை எதுனா கீபோர்டு மேல நடந்துச்சா?"

பூனை இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் பழகிய பழைய எழுத்துரு அது. என் விரல்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். அது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். செம்பியன் வைத்திருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அங்கே அது எந்த மொழியும் இல்லை.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படிக்கவே முடியாத படிவத்தை யார் நிரப்புவார்கள்? அப்படியே விட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். சாயங்காலம் காபி கொடுக்கும்போது எழிலரசி மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி சொல்றான், மாமாவுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் வராதுக்கா, பேப்பர்ல இருந்தப்பகூட வேற யாராவது அடிச்சுக் குடுத்திருப்பாங்கன்னு."

"அவனா சொன்னான்?"

"விடுங்க. பாவம், வயசாயிடுச்சுன்னும் சொன்னான்."

காபியை ஆறவிட்டு உட்கார்ந்தேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி முழுப் படிவத்தையும் மறுபடி அடித்தேன். எதற்காக இந்தப் படிவத்தைத் தொடங்கினேன் என்பது அந்த ஆறிய காபியோடு எனக்கு மறந்துபோனது.

அடுத்தது வினோதினி. எழிலரசியின் அக்கா சின்னம்மாளின் மகள். சென்னையில் வேலை. அவளுடைய லேப்டாப் வேறு ரகம்.

"சித்தப்பா, தமிழ் நல்லா தெரியுது. ஆனா எத்தனை பேருங்கற எடத்துல பெட்டியே வரல. வெறும் வெள்ளையா இருக்கு."

"சொடுக்கிப் பாத்தியா?"

"எங்க சித்தப்பா சொடுக்கறது? அங்க ஒண்ணுமே இல்லியே. நான் வேணா ஒரு ஆன்லைன் ஃபார்ம் போட்டுத் தரட்டுமா? லிங்க் அனுப்புனா எல்லார்கிட்டயும் தெறக்கும். உங்க பட்டியலும் அப்படியே விரியும்."

"வேணாம்மா. நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் சொன்னதை அன்று கேட்டிருந்தால் என் பட்டியல்கள் இரண்டோடு நின்றிருக்கும், மாலையோடு முடிந்திருக்கும். சின்னப் பெண்ணிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு. அதனால் எத்தனை பேர் என்ற பட்டியலை எடுத்துவிட்டு, எண்ணைத் தட்டுகிற மாதிரி வெறும் பெட்டி வைத்தேன். அது அவளிடம் வந்தது. வெற்றி என்று நினைத்தேன்.

பிறகு குறிஞ்சிப்பாடியிலிருந்து சின்னம்மாளே போனில் வந்தார். அவரிடம் இருப்பது போன் மட்டும்தான்.

"தம்பி, தெறக்குது. எழுத வுடமாட்டேங்குதே. பூட்டியிருக்குதாமே?"

"அது பாதுகாப்புக்குங்க."

"என் தங்கச்சி வூட்டுக்கு வர்றதுக்கே பூட்டா?"

பூட்டை எடுத்தேன்.

இதன் பிறகு எழிலரசி என் சோதனைக்கூடமாக மாறினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, எனக்குத் தகவல் சொன்னாள்.

"காடாம்புலியூர்ல தமிழ் தெரியுதாம். புறப்படற நேரம் மட்டும் விரியலையாம்."

"லினக்ஸா, விண்டோஸா?"

"பலாப்பழ மண்டி கம்ப்யூட்டர்னு சொல்றாங்க."

"சரி, அதையும் பெட்டியா மாத்திடறேன்."

"தம்பிகிட்ட அந்த வேலைப் பட்டியல் நரைச்சுப்போய் நிக்குதாம், தொட்டா அசையலையாம்."

"அதையும் மாத்திடறேன்."

என்னென்னவோ படித்துப் பார்த்தேன், மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கடைசியில் தெரிந்தது ஒன்றுதான். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒத்துக்கொள்வது வெறும் காலிப் பெட்டியை மட்டும். அதில் யாரும் எதையும் எழுதலாம். விரிகிற பட்டியல், பூட்டு, புறப்படும் நேரம் என்று நான் கட்டிய சுவர்களையெல்லாம் நானே ஒவ்வொன்றாக இடித்து, கதவைத் திறந்து வைத்து, கோலமும் போட்டு வைத்தேன். அடியிலிருந்த அந்தக் கடைசி வரி மட்டும் எந்த மிஷினிலும் சிதையவில்லை.

செம்பியன் கூப்பிட்டான்.

"மாமா! சூப்பர் மாமா! ஆபீஸ்ல, வூட்ல, போன்ல, எல்லாத்துலயும் தெறக்குது. நீங்க பெரிய ஆளு மாமா!"

ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து படிவங்கள் வந்தன.

செம்பியன். எத்தனை பேர்: 'நாங்க எல்லாரும், மாமியார் வூட்டுலேந்தும்.' எப்போது புறப்படுகிறீர்கள்: 'பிச்சாவரம் பாத்துட்டு.' நீங்கள் ஏற்கும் வேலை: 'மாமா பாத்துக்குவாரு.'

வினோதினி. எத்தனை பேர்: 'நானும் ஃப்ரெண்ட்ஸும்.' புறப்படுவது: 'லீவு முடிஞ்சதும்.' வேலை: 'சித்தப்பா பாத்துக்குவாரு.'

சின்னம்மாள். வேலை: 'தம்பி பாத்துக்கும்.'

போன வருஷம் வராதவர்கள்கூட எழுதியிருந்தார்கள். படிவம் வைத்துக் கூப்பிட்டதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்களாம். வேலை என்ற இடத்தில் மட்டும் எல்லாருடைய பதிலும் ஒன்றே. கடைசியாக ஒரு படிவம் எங்கள் வீட்டுப் போனிலிருந்தே வந்திருந்தது.

பெயர்: எழிலரசி. எத்தனை பேர்: ஒருத்தி. எங்கிருந்து வருகிறீர்கள்: அடுப்படியிலிருந்து. எப்போது புறப்படுகிறீர்கள்: எல்லாரும் போகும்போது. நீங்கள் ஏற்கும் வேலை: அவர் பாத்துக்குவாரு.

சமையலறைக்குப் போனேன்.

"என்ன எழில் இது?"

"எழுதி அனுப்பச் சொன்னீங்க. அனுப்பிட்டேன்."

"நீ இந்த வீட்டு ஆளுதானே?"

"எல்லாருக்கும்தான், விதின்னா விதின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சரி. எல்லாரும் ஒரே பதிலை எழுதியிருக்காங்களே, அது எப்படி?"

"வேலைங்கற எடத்துல என்னா எழுதறதுன்னு டவுட் கேட்டாங்க. சொல்லிக் குடுத்தேன். மொதல்ல ரெண்டு பேருக்கு மேல வர முடியாத மாதிரி நீங்க பட்டியல் வெச்சிருந்ததையும் சொன்னேன். அப்பதான் அவுங்களுக்கும் எழுதறதுல ஒரு ஆர்வம் வந்துச்சு."

அவள் முதல் நாளே படித்திருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது அதற்குத்தான்.

தரிசனத்தன்று வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எழிலரசி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். எனக்கு அடுப்பைக் காட்டினாள்.

"ரவையை வறுத்து வெச்சிருக்கேன். வெல்லம் கரைச்சு வடிகட்டியாச்சு. நீங்க கை விடாம கிண்டினாப் போதும். அடி பிடிக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"நாங்க வர்ற வரைக்கும்."

எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ஒரு நொடியில் வீடு காலியானது. நான் இத்தனை நாளாக ஏங்கிய அமைதி அப்படியே கிடைத்தது. அண்டாவும் நானும். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. திடீரென்று அது உயர்ந்து, கூட்டம் மொத்தமாக எதையோ சொல்வது கேட்டது. சாமி வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது. கரண்டியோடு சன்னல் பக்கம் போனேன். களி வாசனை மாறியது. திரும்பி ஓடி வந்தேன்.

அவர்கள் கோயிலிலிருந்து வந்தபோது எழிலரசியின் நெற்றியில் திருநீறு, முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு. எல்லாரும் மாடிக்குப் போக, அவள் மட்டும் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். தட்டில் களி வைத்துக் கொடுத்தேன்.

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு நெறையப் பாத்தேன். தூணோரமா எடம் கெடைச்சுது. பக்கத்துல இன்னொருத்தர் நிக்கற அளவுக்குக்கூட எடம் இருந்துச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னையும் கூப்பிட்டிருக்கக் கூடாதா? உங்கூட நின்னு பாக்கணும்னுதான் எழில் இவ்வளவும் பண்ணுனேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் நீங்க வருவீங்கன்னுதான் நெனைச்சேன்" என்றாள். "வந்த படிவத்தையெல்லாம் ஒண்ணு விடாமப் பாத்தேன். உங்களுது இல்ல."

களியை ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"அனுப்பாதவங்க வரலைன்னு கருதப்படும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"