ஸ்கேனரில் சப்பாத்தி மாவு

மைசூரில் என்ன, இந்தியாவிலேயே ஸ்கேனரில் சப்பாத்தி மாவை வைத்த முதல் மனுஷி எங்கள் சப்பாத்தி மாமிதான். அடித்துச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சயாஜி ராவ் ரோட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. கடையில் நான் ஆபரேட்டர். மாமி காலேஜில் சரித்திரம் நடத்துபவர். பழைய ஈராக்காரர்கள் ஈரக் களிமண்ணில் குச்சியால் அழுத்தி எழுதினார்களே, அந்த ஆப்பெழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியே தீருவது என்று கிளம்பியிருந்தார். எழுத்துக்கு ஓர் எண். கீபோர்டில் எண்ணைத் தட்டினால் திரையில் ஆப்பு விழ வேண்டும்.

"புஸ்தகத்துல இருக்கற படத்தையே ஸ்கேன் பண்ணலாமே மாமி?"

"வரைஞ்சவனுக்கு அழுத்தம் தெரியலைப்பா. நான் குத்தினாத்தான் சரியா வரும்."

களிமண் வீட்டு சிங்க்கை அடைத்துவிட்டதால் கோதுமை மாவுக்கு மாறியிருந்தார். எழுத்துகள் டிபன் பாக்ஸில் வரும். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கண்ணாடிமேல் கவிழ்ப்பார்.

முதலாளி, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். "ஏனுங்கம்மா, இது ஸ்கேனருங்களா, தோசைக்கல்லுங்களா?"

"தோசைக்கல்லா இருந்தா இத்தனை நாழிக்கு வெந்திருக்குமே!"

ஒருநாள் மாவுத் துகளைத் தேடி எறும்பு உள்ளே போய்விட்டது. அன்று போட்டோவை ஸ்கேன் செய்து அடித்த தேர்தல் நோட்டீஸில் வேட்பாளரின் கன்னத்தில் அது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வேட்பாளர் ஆள்படையோடு வந்து குதித்தார்.

"மச்சம்னு வெச்சுக்கோங்கோ, ஜெயிப்பேள்" என்றார் மாமி.

"மச்சத்துக்கு ஆறு காலா இருக்கும்?"

நோட்டீஸ் எல்லாம் குப்பைக்குப் போனது. மாமி இனி ஸ்கேனர் பக்கமே வரக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்.

எழுத்துகளைக் கேட்டிருந்த வெளிநாட்டுப் பேராசிரியரோ மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். ஃபிளாப்பியில் இன்னும் ஒரே ஓர் எழுத்து பாக்கி. மாமி டிபன் பாக்ஸோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"ராஜாங்கற எழுத்து இது. இது இல்லேன்னா அவாள்ல ஒருத்தர்கூட தன்னை ராஜான்னு சொல்லிக்க முடியாது."

"அவுங்கெல்லாம் செத்து நாலாயிரம் வருசமாச்சுங்களே அம்மா!"

"அதனாலதான் நான் வந்து நிக்கறேன். அவாளுக்காகக் கேக்கறதுக்கு வேற யார் இருக்கா?"

முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஸ்கேனர் கண்ணாடியைத் தானே துடைத்தார்.

"வைங்கம்மா. எறும்பு மட்டும் வேண்டாமுங்க."

ராஜா ஏறினார். மறுநாள் ஃபிளாப்பி விமானமும் ஏறியது.

நான் போய்ச் சேர்ந்து நாலாயிரம் வருஷம் ஆன பிறகு, என் பேருக்காக யாராவது ஒரு கடை வாசலில் நின்று வாதாடுவார்கள் என்றால், அது எங்கள் மாமியாகவே இருக்கட்டும்.