விழுங்கப்பட்ட எண்டர்களை மீட்ட படலம்

வாழிய தளவாய்! கயத்தாற்றுக் கரிசலில் பிறந்து, ஒரகடத்துத் தொழிற்சாலையின் வெல்டிங் லைனில் ஈராண்டு தீப்பொறி தின்று, முழங்கை இரண்டிலும் புள்ளிபுள்ளியாய் விழுப்புண் ஏற்று, வாரலீவில் கணினி பயின்று, போக்குவரத்துப் பிரிவின் மின்விசிறிக்குக் கீழிருக்கும் ஒற்றை நாற்காலியை வென்றமர்ந்த வெங்கணினி வேந்தே, வாழிய! அந்நாற்காலி பறிபோகவிருந்த ஒரு பகலின் கதையை இனிப் பாடுவோம்.

தண்டலத்தருகே சாலையைத் தோண்டிப் போட்ட இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் கோடையில், ஷிப்ட் பஸ் பதினொன்றுக்கும் எண் மாறிற்று. வரிக்கு ஒரு பஸ்ஸாக, எண்ணை முன்னும் ஊரைப் பின்னும் வைத்து அப்பிரிவின் சுந்தராம்பாள் அக்கா தட்டச்சிடுவார். தளவாய் கட்டிய வலைப்பக்கம் அதை ஆலையின் கேட் அருகே தொங்கும் டிவியில் காட்டும். காட்டியது. ஆனால் அக்கா வரிமுடிவுதோறும் இடியெனத் தட்டிய எண்டர்களை எல்லாம், குறுமுனி கடல் குடித்தாற்போல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, '3 தண்டலம் 7 மறைமலை நகர் 5 ஸ்ரீபெரும்புதூர் 9' என்று தலை எது வால் எது என்று தெரியாத ஒற்றைப் பாம்பாய் நெளிந்தது. ஊருக்கு முன் நிற்பதா அதன் எண், பின் நிற்பதா? பின் நிற்பதே எனத் துணிந்த தண்டலத்து மாந்தர் நாற்பதின்மர் ஏழில் ஏறினர். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்க்கு ஏறியவுடன் உறங்குவதே மரபாதலின் உறங்கினர். மறைமலை நகரில் விழித்தனர்.

மறுநாள் உணவு இடைவேளையில் அப்படை திரண்டு வந்தது. முன்னணியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் அம்சவல்லி, டிபன்பாக்ஸைக் கதாயுதமென ஏந்தி முழங்கினாள்: "இன்னா தளவாய், நேத்து புள்ள ஸ்கூல் வாசல்ல அழுதுகினு நிக்குது, நீ என்னை ஜிஎஸ்டி ரோடுக்கு டூர் அனுப்புறியா?"

சூப்பர்வைசர் அப்பாவு ஆணை பிறப்பித்தார்: "மூணு மணிக்கு ஷிப்ட் வுடும். அதுக்குள்ள போர்டு சரியா வரல, நாளைலேர்ந்து நீ பழையபடி வெல்டிங்குதான்."

தளவாயின் முழங்கைத் தழும்புகள் தாமாகவே சுட்டன.

எழுந்தது போர்! முதலில், ஊருக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே நாற்பது இடைவெளிகளைச் சரமாரியாய்ப் பொழிந்தான். நாற்பதையும் நசுக்கி ஒன்றாக்கி ஏப்பம் விட்டது பக்கம். சினந்து, வரியை உடைக்கும் 'பிஆர்' குறியை வரிக்கொன்றாய் அக்கா தட்டச்சிடும் பெட்டியில் நட்டான். கண்டதைத் தட்டி எவனும் பக்கத்தைக் கெடுக்காதிருக்க அவனே முன்பு நிறுத்தியிருந்த காவல் அவனையே மடக்கிற்று. குறிகள் வேலை செய்யாமல் எழுத்தாகவே டிவியில் அம்மணமாய் நின்றன.

"முள்ளுக்கம்பி வேலி போட்டாப்ல கீது தம்பி," என்றார் சுந்தராம்பாள். "நான் எண்டர் தட்டினேனா இல்லியா? டேபிளே ஆடிச்சே!"

"தட்டுனீகக்கா. செத்த பொறுங்க, முடிச்சிருதேன்."

மணி இரண்டு நாற்பது. வியர்வை ஆறாய்ப் பெருக, இறுதியாய்ப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து உள்ளே நோக்கினான் வீரன். என்னே வியப்பு! அக்காவின் எண்டர்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. சேமித்த இடத்தில் அத்தனையும் அணிவகுத்து உயிரோடு நின்றன. காட்டும் வேளையில்தான் உலாவி அவற்றைச் சட்டை செய்யாமல் வரிகளை ஒட்டிக்கொண்டிருந்தது. மாற்றவேண்டியது எழுதியதை அன்று, காட்டும் முறையை! நட்ட குறிகளைப் பிடுங்கி எறிந்தான். பக்கத்தின் அலங்கார விதிகளுக்குள் 'ஒயிட்-ஸ்பேஸ்: ப்ரீ-லைன்', அஃதாவது தட்டிய இடத்தில் வரியை உடை எனும் ஒற்றைவரி அத்திரத்தை ஏவினான். பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப் ஐந்தை ஓங்கி அறைந்தான்.

பிளந்தது பாம்பு! பதினோரு துண்டாய், எண் முன்னும் ஊர் பின்னும் இயைய, பதினோரு தேர்போல் வரிகள் வரிசையாய் இறங்கின. ஷிப்ட் சங்கு ஊத, கேட்டை நோக்கிக் கடலெனப் பொங்கிய நீலச்சட்டைச் சேனை தன் தன் எண்ணைக் கண்டு ஆர்ப்பரித்துப் பிரிய, அம்சவல்லி மூன்றாம் எண் தேரில் தாவி ஏற, வெற்றிக்களத்தில் தளவாய் தலைநிமிர்ந்து நிற்க, சூப்பர்வைசர் பெருமான் டிவியின் கீழ் வந்து அண்ணாந்து நோக்கினார்.

"எழுத்து சின்னதா கீது, நாளைக்கு வந்து பெருசாக்கு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.