அளவு நாடா அப்பாவின் அடக்கப் பயிற்சி

உலகத்தில் ஒரு ரக அப்பாக்கள் உண்டு. பிள்ளைக்குப் பல் முளைக்குமுன் பொறுமை முளைத்துவிட்டதா என்று வாயைத் திறந்து பார்ப்பவர்கள். நம் தையல்கார அப்பா அதில் முதல் தரம். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

நாலரை வயது மகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போனார். "தன்னடக்கம் எப்படின்னு சின்னப் பரீட்சை வெச்சுத்தான் சேத்துக்குவோம். அடுத்த வாரம் வாங்க," என்று அனுப்பிவிட்டார்கள். தன்னடக்கமா? அது எத்தனை அங்குலம்? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"சும்மா இருக்கறதுதான்டி தன்னடக்கம்," என்றார் மனைவியிடம்.

"அப்படின்னா உங்கண்ணன் மகான்தான்."

"நெனச்ச உடனே ஒண்ணைச் செய்யாம இருக்கறது!"

"மூணு மாசமா என் ஜாக்கெட்டைத் தைக்காம இருக்கீங்களே, அதுவா?"

கடைசியில் அவரே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். அப்பா எதைச் சொன்னாலும் மகள் நேர்மாறாகச் செய்ய வேண்டும். தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும். மனசு இழுக்கிற பக்கம் கை போகாமல் தடுக்கிற வித்தையாம்! மூன்றே நாளில் மகள் தேறிவிட்டாள். தூங்கு என்றால் கட்டிலில் குதித்தாள், குளிக்க வா என்றால் மேசைக்கடியில் புகுந்தாள், கத்தாதே என்றால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பாவுக்கோ பூரிப்பு தாங்கவில்லை.

பரீட்சை நாள். டீச்சர் மேசைமேல் ஒரு பிஸ்கட்டை வைத்தார். "நான் வர்ற வரைக்கும் இது இப்படியே இருந்தா, ரெண்டு தருவேன். அப்பா, நீங்க மூலையில உக்காருங்க. பேசக் கூடாது, அவ்வளவுதான்."

குழந்தை என்ன செய்தாள்? இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். பிஸ்கட்டுக்கு முதுகைக் காட்டி, காலை ஆட்டி, ஏதோ பாட்டை முனகினாள். அப்பாவோ நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், நுனியைக் கடித்தார், பாதி எழுந்தார், உட்கார்ந்தார். மூக்கைச் சொறிய மகள் கையை எடுத்தாள். போச்சு!

"தொடாதே!"

மகள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அட, நம்ம விளையாட்டு! பிஸ்கட் வாய்க்குள் போயிற்று.

"ஐயோ, முழுங்காதே!"

முழுங்கிவிட்டாள்.

கதவுக் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்த டீச்சர் உள்ளே வந்தார். அப்பா இப்போதுதான் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாப்பாவைத் திங்கட்கிழமை அனுப்புங்க. உங்களைத்தான் எந்த வகுப்புல போடறதுன்னு தெரியல."

நீங்கள் அப்படியில்லை, தெரியும். பிள்ளையிடம் யாராவது பேர் கேட்டால், அது வாயைத் திறக்குமுன் நீங்கள் சொன்னதே இல்லை, அப்படித்தானே?

பாருங்கள், நான் முடிக்குமுன் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டீர்கள்.