ஒரு தாத்தா அதிகம்

“இந்தப் பதிவை நீக்க முடியாது. இதற்குக் கீழே பிள்ளை இருக்கிறது” என்று கம்ப்யூட்டர் ஏழாவது முறையாகச் சொன்னது.

மாரோலோப் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மேடான் நகரில் சிபாங்குரா குலச் சங்கத்தின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே மேசை அதிர்ந்தது. நாளை சனிக்கிழமை, குலத்தின் ஆண்டு விருந்து. அதற்குள் இந்த ஒரு தாத்தாவை ஒழித்துக்கட்டினால்தான் அவனுக்குக் கல்யாணம்.

தாத்தா பாவம், ஒரு குற்றமும் செய்தவரல்லர். பத்தாக் மக்களிடையே ஒருவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் ஊர் அவன் சொந்தப் பெயரை மறந்துவிடும். ஜோங்கி பிறந்ததும் அவர் ‘ஜோங்கி அப்பா’ ஆனார். ஜோங்கிக்கு மகனாகப் பின்சார் பிறந்ததும் ‘பின்சார் தாத்தா’ ஆனார். ஆள் என்னவோ ஒருவர்தான். ஆனால் சங்கத்தின் டேட்டாபேஸில் ஜோங்கி அப்பா ஒரு தலைமுறையாகவும், அவருக்கு அப்பாவாகப் பின்சார் தாத்தா இன்னொரு தலைமுறையாகவும் ஏறியிருந்தார்கள். மனிதர் செத்துப் பதினோரு வருஷம் கழித்து அவருக்கு ஒரு புது அப்பா கிடைத்திருந்தார்.

அதனால் அவர் வழியில் வந்த அத்தனை பேரும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள். ஜோங்கிதான் சங்கத் தலைவர். அவர் மகள் தியார்மாவைத்தான் மாரோலோப் பெண் கேட்டிருந்தான். மாரோலோப்பின் அம்மா இந்தக் குலத்துப் பெண், பதினாறாம் தலைமுறை. தியார்மா பதினேழு என்றால் மாமன் மகள், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். பதினெட்டு என்றால் மருமகள் முறை. அதாவது மாரோலோப்புக்கு இனிமேல் பிறக்கப்போகும் மகனுக்குத்தான் அவள் முறைப்பெண்.

“எங்கப்பா ஒருத்தர்தான்னு எனக்குத் தெரியாதா மருமவனே?” என்று தலைவர் ஜோங்கி புலம்பியிருந்தார். ஆனால் போன வருஷ விருந்தில், தலைமுறை மூப்புப்படி யாருக்குப் பன்றித் தாடை, யாருக்குக் கழுத்து என்று சண்டை வந்து, குழம்புக் கரண்டி பறந்து, ஒரு பெரியவருக்கு மூன்று தையல் போட்டார்கள். அன்றைக்கே தலைவர் மேசைமேல் ஏறி நின்று தீர்மானம் போட்டார்: இனிமேல் சங்கத்தின் செல்போன் செயலியில் என்ன காட்டுகிறதோ அதுதான் முறை, தலைவனே ஆனாலும் விலக்கு இல்லை. கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தன் வாயால் கெட்டது தவளை மட்டுமல்ல.

“இப்ப நானே போய் நான் ஒரு தலைமுறை மேலன்னு கையால எழுதினா, நல்ல கறித்துண்டுக்காகத் தாத்தனையே தீர்த்துக்கட்டிட்டான்னு சொல்வானுங்க. நீ கம்ப்யூட்டர்லயே சரி பண்ணு. நாளைக்கு அதுல பதினேழுன்னு காட்டட்டும், மைக்லயே உன் கல்யாணத்தைச் சொல்லிடறேன்.”

பெண் எடுப்பவன் பெண் கொடுப்பவர் வீட்டு விருந்தில் அடுப்பு ஊத வேண்டும், அண்டா கழுவ வேண்டும். அது அங்கே எழுதப்படாத சட்டம். மாரோலோப் பாமாயில் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் என்பதால் அண்டாவுக்குப் பதில் அவன் தலையில் டேட்டாபேஸ் விழுந்தது. வழக்கமாக அதில் பதிவுகளை ஏற்றும் டுமா அக்காவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட்டு அவன் இடத்தைப் பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் படித்தவன் தட்டச்சு செய்கிறவளிடம் சந்தேகம் கேட்பதாவது! டுமா அக்காவும் ஒன்றும் கவலைப்படாமல் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குத் தியார்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லித்தருகிறவள், விருந்துக்காக லீவு போட்டிருந்தாள். கையில் வாழைப்பழப் பஜ்ஜி. “நானும் கூட இருந்து பார்க்கட்டுமா?” என்று கேட்டு, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். மாரோலோப்புக்குப் பாதிக் கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது.

சிக்கலை அவளுக்கு விளக்கினான். அப்பா பதிவை நீக்க வேண்டுமானால் முதலில் அவருக்குக் கீழே தொங்கும் பிள்ளையை வேறொரு அப்பாவிடம் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அந்தரத்தில் நிற்குமாம், கம்ப்யூட்டர் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

“அப்ப மாத்திட வேண்டியதுதானே. நான் நம்பர் சொல்றேன், நீங்க அடிங்க” என்றாள்.

ஜோங்கி அப்பாவின் உறுப்பினர் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அவருடைய உண்மையான அப்பாவின் எண் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. தியார்மா பட்டியலைப் பார்த்து, “நானூத்திப் பன்னெண்டு” என்றாள். அந்தக் குரலில் வந்த எண்ணைச் சரிபார்க்க அவனுக்கு மனம் வரவில்லை, அப்படியே அடித்தான். கம்ப்யூட்டரும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. உபரித் தாத்தா நீங்கினார். மாரோலோப் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சின்ன ஆட்டமே ஆடிவிட்டான்.

ஆட்டம் முடிவதற்குள் தலைவரிடமிருந்து போன்.

“மருமவனே, நான் இரண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறாம் தலைமுறைன்னு காட்டுது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஏறுது. ஆதாமுக்கு முன்னாடியும் நம்ம ஆளுங்க இருந்தாங்களா?”

மாரோலோப் திரையைப் பார்த்தான். ஜோங்கி அப்பாவுக்கு அப்பா, ஜோங்கி அப்பாவே. செயலி ஒவ்வொரு அப்பாவாக மேலே ஏறித் தலைமுறையை எண்ணும். இங்கே அப்பாவின் அப்பா அவரே, அவருடைய அப்பாவும் அவரே. செக்குமாடு போல அது சுற்றிக்கொண்டிருந்தது. “என் தப்புதான், கை தவறிடுச்சு” என்று தியார்மாவிடம் பெருந்தன்மையாகச் சொன்னான். அவளும் பரவாயில்லை என்று மன்னித்தாள்.

எண்ணைச் சரியாக மாற்றப் போனால் வேறொரு பிழை. “இந்தப் பதிவு இப்போது பயன்பாட்டில் உள்ளது. பிறகு முயலவும்.” எண்ணி முடிக்கும்வரை செயலி அந்தத் தாத்தாவை விடாது. எண்ணி முடிக்கவோ அதற்கு வழியே கிடையாது. மணி பன்னிரண்டு. பஜ்ஜி தீர்ந்தது.

“இதுக்கு இத்தனை காவலா? யாராவது தாத்தாவைத் திருடிட்டா போயிடுவாங்க? எல்லாக் காவலையும் கொஞ்ச நேரம் எடுத்துட்டு, ஒரே அடியா மாத்திடுங்களேன்” என்றாள் தியார்மா.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மாரோலோப் அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பான். கிடங்கில் புதிதாக வந்தவர்களுக்கு அவன் முதலில் சொல்லித்தரும் பாடமே காவலை எடுக்காதே என்பதுதான். காதல் வந்தால் பாடம் மறக்கும். செயலியை நிறுத்தினான், சரிபார்ப்புகளை எல்லாம் அணைத்தான், இரண்டு வரியில் கட்டளை எழுதினான். அப்பாவின் எண்ணை முந்நூற்றுத் தொண்ணூற்றேழு ஆக்கு என்பது முதல் வரி. நானூற்றுப் பன்னிரண்டாம் ஆளுக்கு மட்டும் என்பது இரண்டாவது வரி.

“நான் ஒரு தடவை அமுக்கட்டுமா?” என்று தியார்மா கேட்டாள்.

நம் கல்யாணத்துக்கான பொத்தானை அவளே அமுக்குகிறாளே என்று அவன் உருகிப்போனான். மவுஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கண் கலங்கியது தெரியாமலிருக்க ஜன்னலைப் பார்த்தான். அவள் முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து நீலமாக்கிக்கொண்டு அமுக்கினாள்.

“4,312 பதிவுகள் வெற்றிகரமாகத் திருத்தப்பட்டன.”

அதைப் படித்து முடிக்க மாரோலோப்புக்கு நெடுநேரம் ஆயிற்று. குலத்தில் இருப்பவர்களே மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்தான். நானூறு வருஷம் முன்னால் செத்தவரும் போன மாதம் பிறந்த குழந்தையும் இப்போது ஒரே அப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பதறிப்போய்ச் செயலியைத் திரும்ப ஓடவிட்டதுதான் அவன் செய்த அடுத்த பிழை. ஊர் முழுக்க அது தெரிந்துபோயிற்று.

முதலில் அவன் அம்மா கூப்பிட்டாள். “ஏன்டா, எனக்குக் கூடப் பிறந்தவங்க நாலாயிரம் பேரா? இருக்கிற நாலு பேரே நான் செத்தேனா பொழைச்சேனான்னு எட்டிப் பார்க்கல” என்று அழுதாள். அடுத்தது தலைவர், தன் சொந்த மகளே தனக்குத் தங்கை என்று காட்டுவதாகச் சொன்னார். சியாந்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர் சந்தோஷமாகவே பேசினார். எல்லோரும் ஒரே வரிசை ஆகிவிட்டபடியால் அந்தத் தாடையில் தனக்கும் பங்கு உண்டு, இப்போதே எழுதிவைத்துக்கொள் என்றார். பன்றிக்குத் தாடை ஒன்றுதான் என்று சொல்ல மாரோலோப்புக்கு வாய் வரவில்லை. அவன் மனக்கணக்கு வேறொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் தியார்மாவும் அக்கா தங்கை. காலையில் மருமகளாக இருந்தவள் மத்தியானம் சித்தி ஆகிவிட்டாள்.

“போச்சு. மாமா என்னை விருந்துல வாணலியிலயே போட்டுடுவாரு.”

“விதின்னு ஒண்ணு இருக்கு. எவ்வளவுதான் நீங்களும் பாடுபடுவீங்க? முறை வரலைன்னா யார் மேலயும் வருத்தம் கிடையாது, விட்டுடுவோம்” என்று தியார்மா ஆறுதல் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. இப்படிப்பட்டவளை விடுவதா என்று அவனுக்கு வெறியே பிடித்தது.

எழுந்து, வேறு வழியில்லாமல், காலையிலிருந்து முதல்முறையாக டுமா அக்காவின் பக்கம் திரும்பினான். எங்கேயாவது பழைய நகல் இருக்கிறதா என்று கேட்டான்.

டுமா அக்கா பின்னலில் கண்ணிகளை எண்ணி முடித்துவிட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். “மாசா மாசம் ஒண்ணாந்தேதி எடுத்துவெச்சுடுவேன். யாரும் கேட்டதில்ல.”

தியார்மா சட்டென்று எழுந்தாள். “பழசைப் போடாதீங்க. இந்த மாசம் ஏத்தினதெல்லாம் போயிடும்” என்றாள். அத்தனை நேரம் இல்லாத ஒரு கூர்மை அதில் இருந்தது. குலத்தின்மேல் என்ன அக்கறை என்று மாரோலோப் நெகிழ்ந்துபோனான். போனவற்றை ஒன்றுவிடாமல் மறுபடி ஏற்றித் தருவதாகச் சத்தியம் செய்தான். அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

பழைய நகல் ஏற இருபது நிமிஷம் பிடித்தது. கீழே யாரோ லாரி டயருக்குக் காற்று அடித்தார்கள். மாரோலோப் அதிர்கிற மேசையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டான். பிறகு பயந்து பயந்து தியார்மாவின் பெயரைத் தட்டினான்.

பதினேழு.

மறுபடி தட்டினான். பதினேழுதான். மேலே போய்ப் பார்த்தான். ஜோங்கி, அவருக்கு மேலே ஜோங்கி அப்பா, அவருக்கு மேலே அவருடைய நிஜமான அப்பா. இடையில் ஓர் ஈ எறும்பு கிடையாது. காலையிலிருந்து அவனைப் பேயாக ஆட்டிவைத்த அந்த இரண்டாவது தாத்தா இருந்த சுவடே இல்லை. எப்படிப் போனார் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. டுமா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினான், பின்னல் நூல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. தலைவருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: மாமா, மைக்கைத் துடைத்துவையுங்கள்.

டுமா அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்து, நூலைப் பிரித்துவிட்டுக்கொண்டு, இழுப்பறையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். போனதை எல்லாம் திரும்ப ஏற்ற வேண்டுமே, இந்த மாதத்துக்கு நல்ல வேளையாக அதிகம் இல்லை என்றாள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

“மூணு பிரசவம், ஒரு சாவு. அப்புறம், நீங்க பொண்ணு கேட்டுட்டுப் போன மறுநாள் காலையில தியார்மா வந்து ஏத்தச் சொன்ன பின்சார் தாத்தா. அவரையும் திரும்ப ஏத்திடவா தம்பி?”