இந்த வருஷத்து அணியைப் பற்றி ரொறன்ரோவுக்கு

கொட்டாஞ்சேனை
ஆகஸ்ட் 2

மதிப்புக்குரிய மச்சான் ஸ்டனிஸ்லாஸ் அவர்கட்கு,

நானும் உங்கள் தங்கச்சி மரிஸ்டெல்லாவும் சுகம். நீங்களும் மச்சாளும் சுகமாயிருக்க கொச்சிக்கடை அந்தோனியாரை மன்றாடுகிறோம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் மகன் ஜெனிஸ்டனுக்கு உங்கள் கடையில் வேலை தருவதாக ஒரு கடிதம் அனுப்ப இருக்கிறீர்கள் அல்லவா, அதை நவம்பர் இறுதியாட்டம் முடியும்வரை தயவுசெய்து அனுப்ப வேண்டாம். மரிஸ்டெல்லாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் எனக்கு வீட்டில் இடமில்லை.

பதினாறு வருஷமாக இளம்பரிதி உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் கோச். சீசன் தொடங்க முன்னம் "இந்த முறை கப் எங்களுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி வாய் களைத்துவிட்டது. 2018-ஐ எடுங்கள். மருதானை நிலாம் ஒருத்தனே பயிற்சி ஆட்டங்களில் பதினொரு கோல் அடித்தான், அப்படியொரு முன்வரிசை எங்களுக்கு அதற்கு முன்னமும் இல்லை பின்னமும் இல்லை, முதல் மெட்சுக்கு மூன்று நாள் இருக்க வாசலில் வந்து நின்று, "கட்டார் விசா வந்திருச்சு கோச், கோவிக்காதீங்க" என்றான், அணி முழுதும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனதில் அன்றைய பயிற்சியும் போச்சு. 2019-ஐப் பற்றி இந்த வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை. 2022இல் பின்வரிசை கோட்டைச் சுவர் மாதிரி, ஆனால் நாலு பேரும் விடிய முதலே கடவுச்சீட்டு வரிசையில் நின்றபடியால் பயிற்சியைப் பத்தரமுல்லையில் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே வைத்தேன், பந்து போய் யாரோ ஓர் அம்மாவின் சோற்றுப் பார்சலில் விழ, காவலாளி "அய்யே, யன்ட, யன்ட!" என்று சிங்களத்தில் போகச் சொல்லித் துரத்த, அந்த அமளியில் வரிசையில் இடம் பறிபோனதென்று நாலு பேரும் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு பார்த்தால் இரண்டு பேர் ருமேனியாவில், ஒருத்தன் ஜப்பானில், ஒருத்தன் டோஹாவில். பட்டது போதும் என்று 2023இல் மூளையைப் பாவித்து, கடவுச்சீட்டு இல்லாதவர்களை மட்டும் அணிக்கு எடுத்தேன். ஒருத்தனும் எங்கேயும் போகவில்லை மச்சான், பந்துக்குக் கிட்டவும் போகவில்லை. ஏழு மெட்சில் முப்பத்தொரு கோல் வாங்கினோம்.

இந்த வருஷம் அப்படியில்லை. நடுவில் ஹபீஸ், அவனுக்கு விமானம் என்றாலே நடுக்கம், கடவுளுக்கு நன்றி. கோல்கீப்பர் எங்கள் ஜெனிஸ்டன். மூன்று பயிற்சி ஆட்டம், ஒரு கோலும் வாங்கவில்லை! 2018-இன் முன்வரிசையையும் 2022-இன் பின்வரிசையையும் ஒன்றாகப் போட்டாலும் இந்த அணிக்குக் கிட்ட வராது. ஆனால் பிள்ளை கேட்கிறான், "அப்பா, எனக்கு இருவத்தஞ்சு வயசு. லீக் முடியுமட்டும் அங்க வேலை எனக்காகக் காத்துக்கொண்டிருக்குமோ?" நியாயமான கேள்விதான். எனக்கும் ஐம்பத்தெட்டாகிறது, கட்டுநாயக்காவில் கைகாட்டிக் கைகாட்டித் தோள் விட்டுப்போச்சு. ஒரே ஒரு வருஷம், தொடக்கத்தில் நிற்கிற அணி முடிவிலும் நிற்கட்டும். வேறொன்றும் கேட்கவில்லை மச்சான், சத்தியமாய்க் களைச்சுப்போனேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. குளிருக்குக் கவனமாக இருங்கோ. அந்தோனியார் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் புருஷன்,
பிலிப்பு

பி.கு.: இதைப் போட்டோ எடுத்து அனுப்ப முன்னம் ஒரு நாள் போய்விட்டது. மேலே எழுதியதெல்லாவற்றையும் மறந்துவிடுங்கோ. நேற்று நாலாவது பயிற்சி ஆட்டம், ஹபீஸ் வரவில்லை. ஜெனிஸ்டன் பொரளைக்குப் போய் வரச் சுணங்க, புதிதாய் வந்த டிலானைக் கோலுக்கு விட்டேன். இரண்டு பெனால்டி பிடித்தான். பிறகு ஜெனிஸ்டன் வந்து இறங்கினான், அரை மணித்தியாலத்தில் நாலு கோல் வாங்கினான். முந்திய மூன்று ஆட்டத்திலும் ஹபீஸ் பந்தை எங்கள் பக்கம் வரவே விடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கிரவுண்டே என்னைப் பார்த்தது. கோச்சாக அவனை வெளியில் இருத்த வேண்டும், தகப்பனாக அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஏலாது. விசா எப்போதாவது வரட்டும், உங்கள் கடிதம் வந்தால் பயண ஆயத்தம் என்று அவனே அணியிலிருந்து விலகிவிடுவான். அவன் போனால் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடாது, அது வேறு. சுணங்காமல் அனுப்புங்கோ மச்சான். முதல் மெட்ச் பதினாறாம் திகதி.