சீனிவாசலுவின் ரெண்டெழுத்து விரதம்

இந்த வருஷம் கோப்பை நம்ம வீட்டுக்குத்தான் என்று சீனிவாசலு கிணற்றடியில் நின்று சபதம் செய்தார். சாட்சிக்கு வாளி மட்டும் இருந்தது.

சிங்காநல்லூரில் ஒரு மில்லில் அவர் குமாஸ்தா. மில் கிளப்பில் ஒரு விளையாட்டு உண்டு. இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கோக்க வேண்டும். மூன்று வருஷமாக ஸ்டோர்ஸ் ரங்கராஜ்தான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மனுஷர் பெரிய வார்த்தையே போட மாட்டார். மூலையில் ஒரு இடுக்குக் கிடைத்தால் போதும், 'க்வா' என்பார், 'க்ஸை' என்பார். அகராதியைப் புரட்டினால் பாழாய்ப்போனது அதில் இருக்கும். எந்த வெள்ளைக்காரனும் வாயால் சொல்லியிராத வார்த்தைக்குப் பாயின்ட் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

சீனிவாசலுவும் இந்தத் தடவை அகராதியைச் சலித்து, ரெண்டெழுத்தும் மூன்றெழுத்துமாக நூற்றிருபது குட்டி வார்த்தைகளைப் பொறுக்கிவிட்டார். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. அர்த்தம் கேட்க ஆட்டத்தில் விதியும் கிடையாது.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அவிநாசித் தேருக்கு மில் லீவு. கோப்பைப் போட்டியும் வருஷா வருஷம் அன்றைக்குத்தான். மனைவி வெங்கடலட்சுமி மூன்று வருஷமாகத் தேர் பார்க்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் அவருக்கு வயிற்றுவலி. அடுத்த வருஷம் முழங்கால்வலி. போன வருஷம் யோசிக்க நேரமில்லாமல் மறுபடி வயிற்றுவலி.

ஈர வேட்டியோடு கண்ணை மூடிக்கொண்டு தினமும் காலையில் மனப்பாடம் நடந்தது.

"க்வா... க்ஸை... ஜோ... க்ஸூ..."

"ஏனுங்க, இந்த அரிசியக் கொண்டு போயி மாவு அரைச்சுட்டு வந்துருங்க" என்று தூக்குப்போசியோடு வந்து நின்றாள் வெங்கடலட்சுமி.

அதே நேரம் மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அம்புஜத்தின் தலை முளைத்தது.

"ஏனுங்ணா, அது என்ன மந்தரமுங்க?"

சீனிவாசலு அம்புஜத்தைப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார். புத்தி பளிச்சென்று வேலை செய்தது.

"விரதமுங்க அம்மணி. ஊடால வேலவெட்டி செய்யக் கூடாதுங்க."

வெங்கடலட்சுமி போசியைக் கீழே வைத்தாள்.

"எந்தச் சாமிக்குங்க?"

"அது... வந்து..."

"அவிநாசியப்பருக்குத்தானுங்க?"

"ஆமா, ஆமா! அவருக்குத்தான்!"

அன்றிலிருந்து ராஜ உபசாரம். கடைக்குப் போ என்று ஒரு சொல் கிடையாது. தெருவில் நடந்தால் ஜனம் ஒதுங்கிக் கும்பிட்டது. எட்டாவது படித்தவளை ஏமாற்ற எத்தனை நேரமாகும் என்று அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. வெங்காயமும் காப்பியும் நின்றுபோனதுதான் வயிற்றில் அடித்தது. கோப்பைக்காகப் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூசாரி மாசாணம் வந்து மஞ்சள் காப்புக் கட்டினார். மந்திரத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது வடக்கத்தி மந்தரமுங்க. பழகாதவிய சொன்னா நாக்குச் சுளுக்கிக்கும்" என்றார். கயிறுதானே, கட்டிக்கொண்டே கட்டை அடுக்கலாம் என்று சீனிவாசலு கையை நீட்டினார்.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது வெங்கடலட்சுமி கேட்டாள். "ஏனுங்க, தேருக்கு மொத நாளே விடியக் கெளம்பிரலாமுங்களா?"

"எங்க புள்ள?"

"அவிநாசிக்குத்தானுங்க. காப்புக் கட்டுனா அந்தச் சன்னதியிலதான் அவுக்கோணும். நடந்தே வாரதா வேண்டியிருக்கறீங்கன்னு அம்புஜமக்காகிட்டச் சொல்லிப்போட்டேன். தெருவே கூட வருதுங்க."

இருபது மைலுக்குக் குறையாது. போட்டி நடக்கிற அன்றைக்குச் சீனிவாசலு அவிநாசியில் நிற்பார்.

"புள்ள, அது வந்து... மந்தரம் இல்ல புள்ள."

"அப்பறம் என்னதுங்க?"

வெங்கடலட்சுமியின் முகத்தில் பால் வடிந்தது. அவளுக்குப் பின்னால் மாசாணமும் அம்புஜமும் கை கூப்பி நின்றார்கள். சாமி பேரைச் சொல்லி மாவு மில்லுக்கு டிமிக்கி கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"மந்தரந்தான்" என்றார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மானேஜர் காலில் விழுந்தாவது போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும். வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்கு ஓடினார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த மானேஜர், காப்பைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க! நேத்து உங்க சம்சாரம் ஊட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. போட்டியப் பத்திக் கவலையே வேண்டாம், உங்க பேர எடுத்துட்டேன்."

"ஐயா, இந்த ஒரு வருஷம் மட்டும் போட்டிய ஒரு நாள் தள்ளி..."

"ஒரு வருஷமா? அஞ்சு தேருக்கு நடந்து வாரதால்ல வேண்டியிருக்கறீங்களாமா? அஞ்சு வருஷத்துக்கும் எடுத்துட்டேனுங்க!"